குளிரை அளக்கும் கணக்கு

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஓடும் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுவது அதனால்தான். கம்ப்ரஸர் எடுக்கும் மின்சாரத்தைப்போல் எத்தனை மடங்கு வெப்பம் உள்ளிருந்து அகற்றப்படுகிறது என்பதே செயல்திறன் குணகம். ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் எடுத்தால் குணகம் சுமார் 3.5. இங்கே டன் என்பது எடையல்ல. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பத்தின் வேகம்.

வெப்பப் பம்பும் இதே இயந்திரம்தான். காற்றிலுள்ள வெப்பத்தை அள்ளித் தண்ணீரில் சேர்க்கிறது. கம்ப்ரஸர் எடுத்த மின்சாரமும் வெப்பமாகிக் கூடவே சேர்வதால் குணகம் ஒன்று கூடும். சாதாரண ஹீட்டரோ ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். மீஞ்சூரை அடுத்த வள்ளூர் அனல்மின் நிலையத்தின் 500 மெகாவாட் அலகுகள் மூன்றும் வேலையைத் திருப்பிச் செய்கின்றன: வெப்பத்தை மின்சாரமாக்குகின்றன. இத்தகைய அலகுகளில் நிலக்கரி வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகும். அதை ஹீட்டரில் மறுபடி வெப்பமாக்குவது பெரிய விரயம். குணகம் 3 உள்ள பம்ப் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும்.

குணகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பது பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த விதி. ஏசியின் குளிர்ச்சுருள் 10 டிகிரியிலும் வெளிச்சுருள் 55 டிகிரியிலும் இருந்தால் வரம்பு 6.3, வெளிச்சுருள் 45 டிகிரிக்கு இறங்கினால் 8.1. சுவரோடு ஒட்டி வைத்த பெட்டி கூடுதல் மின்சாரம் தின்பது இதனால்தான். வெப்பநிலையைச் சொல்லாத குணகத்துக்குப் பொருளே இல்லை.

அறை ஏசிகளுக்கு இந்தியாவில் 2018 ஜனவரி முதல் கட்டாயமான பருவகாலக் கணக்கு, வெளிவெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் என்று கொள்கிறது. கும்மிடிப்பூண்டியில் 1,891 கோடி ரூபாயில் ஏசி ஆலை அமைப்பதாக 2023இல் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் அறிவித்தது. அங்கே தயாராகும் அறை ஏசிகளுக்கும் இந்தக் கணக்கின்படியான நட்சத்திர முத்திரை கட்டாயம். திருவள்ளூர்ப் புழுக்கத்தில் இரவு பகலாக ஏசி ஓடும் வீட்டுக்கு 1,600 மணி போதாது. முத்திரையிலுள்ள யூனிட் இரண்டு மாடல்களை ஒப்பிடத்தான் உதவும். கரண்ட் பில்லைச் சொல்லாது.

பிரிட்ஜின் முத்திரைக்கான சோதனை, கதவைத் திறக்காமலே நடப்பது. வீட்டுச் செலவை அறிய, பிரிட்ஜைச் செருகிய பிளக்கில் சிறு மீட்டர் ஒன்றை மாட்டி 24 மணி நேர யூனிட்டைக் குறிக்க வேண்டும். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் ஒரு மணி நேர அளவு ஏமாற்றிவிடும்.