வெயில் கட்சியும் மழைக் கட்சியும்

காரைக்குடியில் மழையைப் பற்றிக் குறை சொல்லுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்றால் வாசகர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். வானம் இருண்டால் வாசலுக்கு வந்து நின்று அண்ணாந்து பார்க்கிற ஊர் இது. நாலு தூறல் விழுந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடத்தை மறந்துவிடுவார்கள். அவர்களை அதட்ட வேண்டிய நாமும் ஜன்னலண்டை போய் நின்றுவிடுவோம். அப்படிப்பட்ட ஊரில், மேகத்தைக் கண்டதும் முகம் சுளிக்கிற சிநேகிதர் ஒருவர் நமக்கு வாய்த்திருக்கிறார். மழைக்காக வக்காலத்து வாங்கிப் பேசுகிற மற்றொரு சிநேகிதர் அவருக்கு அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். மாலை வேளையில் இருவரும் கூடுவது ஒரே திண்ணையில். நடுவில் உட்காரும் பாக்கியம் நமக்கு.

மழைக் கட்சியின் தலைவர் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். ஊரில் அவருக்கு 'வாத்தியார்' என்பதே பெயர். மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார். இந்திய வானிலைத் துறையார் காலை எட்டரை மணிக்கு மழையை அளப்பதால் அவரும் சரியாக எட்டரை மணிக்கு மாடிப்படி ஏறுவார். ஒரு நாளில் இரண்டரை மில்லிமீட்டராவது பெய்தால்தான் அது 'மழை நாள்', 64.5 மில்லிமீட்டரை எட்டினால்தான் 'கனமழை'. இந்த விதிகளையெல்லாம் அவர் வேதம் போல் மதிக்கிறவர். ஒருவர் "நேற்று நல்ல மழை" என்று சொல்லிவிட்டால், "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்காமல் விடமாட்டார்.

வெயில் கட்சியின் தலைவர் மலேசியாவில் தைப்பிங் நகரில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர். 'தைப்பிங் அண்ணன்' என்றால்தான் தெருவில் தெரியும். சித்திரை வெயிலில், காக்கையும் நிழல் தேடுகிற நடுப்பகலில், அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஆகா!" என்பார். பார்க்கிறவர்கள் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷத்து ஈரத்தை உலர்த்துகிறார், அவ்வளவுதான்.

ஈரம் காயாத ஊர்

தைப்பிங் நகரத்து மழையைப் பற்றி அண்ணன் சொல்லக் கேட்க வேண்டும். தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்கிற நகரம் அது. ஊருக்குப் பக்கத்திலேயே மலை. ஈரக்காற்று அதில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து மழையாக இறங்கிவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. நம் சிவகங்கைச் சீமையில் வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 900 மில்லிமீட்டர்.

"துவைத்த வேஷ்டி மூன்று நாளானாலும் காயாது. செருப்பிலே பூசணம், பெட்டியிலே பூசணம், கணக்குப் புத்தகத்திலே பூசணம். அங்கே இருந்து பாருங்கள் வாத்தியாரே, அப்புறம் மழையைப் பற்றிப் பேசலாம்" என்பார் அண்ணன்.

தைப்பிங்கில் ஒரு காலத்தில் பிரசித்தமாயிருந்த பொழுதுபோக்கு, 'இன்று எத்தனை மணிக்கு மழை தொடங்கும்?' என்று பந்தயம் கட்டுவதாம். நம்மவர்களும் இவ்விஷயத்தில் பின்வாங்கியவர்கள் அல்லர். கல்கத்தாவில் வியாபாரிகள் மழையின் மீது பணம் வைத்து ஆடிய சூதாட்டம் எல்லை மீறிப் போகவே, 1897-ஆம் வருஷத்தில் வங்காளத்தில் அதற்கென்றே ஒரு சட்டம் செய்து தடுக்க வேண்டியதாயிற்று. காரைக்குடியில் அத்தகைய சட்டத்துக்கு அவசியம் நேர்ந்ததில்லை. தைப்பிங்கில் கேள்வி 'எத்தனை மணிக்கு?' என்பது, இங்கே 'எந்த மாதம்?' என்பது. இதன் மேல் யார் பணம் கட்டுவார்கள்?

வறண்ட சீமையின் வழக்கு

வாத்தியாரின் கட்சி வேறு. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் நீரில் பெரும்பகுதியை மேற்கு மலைத்தொடர் வாங்கிக்கொண்டு விடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் நமக்குக் கிடைப்பது ஆவணி, புரட்டாசி மாதங்களில் மாலை நேரத்து இடிமழை. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அதுவும் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாகி இந்தப் பக்கம் திரும்பினால் உண்டு. வடக்கே ஆந்திரக் கரைக்குப் போய்விட்டால் இல்லை.

"வருஷத்துக்கு ஐம்பது மழை நாள் கிடைப்பதே அபூர்வம் அண்ணே. மற்ற முந்நூற்றுப் பதினைந்து நாளும் உங்கள் கட்சிதானே ஆட்சி செய்கிறது? அப்படியும் திருப்தி இல்லையா?" என்பார் வாத்தியார்.

அதோடு விடமாட்டார். "நீங்கள் சாய்ந்துகொண்டிருக்கிற இந்தத் தூண் பர்மாத் தேக்கு. மோல்மீன் பக்கத்திலே வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறதே, அந்த மாதிரி மழையிலே வளர்ந்த மரம். மழையைத் திட்டுகிறவர் மழை வளர்த்த தூணில் சாயலாமா?"

அண்ணன் தூணைவிட்டுச் சற்று நகர்ந்து உட்காருவார்.

மழை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாத்தியார் தூரத்தில் சாட்சி தேடுவதில்லை. 2019-ஆம் வருஷத்துக் கோடையில் சென்னை மாநகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. அவ்வருஷம் ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். கடலோரத்தில் இருக்கிற பட்டணத்துக்கு உள்நாட்டிலிருந்து தண்ணீர் ரயில்!

வெயில் கட்சியின் பதில்

இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணன் அமைதியாக ஒரு கேள்வி கேட்பார். "அதே சென்னையில் 2015-ஆம் வருஷம் என்ன நடந்தது?"

அவ்வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு கரை புரண்டது. வீடுகளின் முதல் மாடி வரையில் வெள்ளம் ஏறிய இடங்கள் உண்டு. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். நம் சீமைக்கு ஒரு வருஷம் முழுவதும் வானம் அளக்கிற படியைவிட அங்கே ஒரு நாளில் அதிகமாகக் கொட்டிவிட்டது.

அந்தக் கரையிலேதான் தூத்துக்குடி உப்பளங்கள் இருக்கின்றன. இந்நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைகிற சீமைகளில் அது முக்கியமானது. உப்புக்கு உழவும் எருவும் வேண்டாம். வெயிலும் காற்றும் போதும். மழை இறங்கியதும் பாத்தியில் விளைந்த உப்பு கரையும். உப்பளத் தொழிலாளிக்குச் சில மாதம் வேலை இல்லை. அவன் ஐப்பசி மாதத்தில் வானத்தைப் பார்ப்பதும், நம் ஊர்ச் சம்சாரி வானத்தைப் பார்ப்பதும் ஒரே பார்வை ஆகுமா?

உப்பளம் வரையில் போக வேண்டாம். ஆத்தங்குடிப் பூக்கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்பட்டு, தண்ணீரில் ஊறிய பிறகு உலர்ந்தாக வேண்டும். தை மாதத்தில் களத்துக்கு வந்த நெல் காய வேண்டும். பங்குனியில் பிழிந்த வடகமும், உப்பில் ஊறிய வற்றலும் காய வேண்டும். அப்பொழுது வருகிற ஒரு பாட்டம் கோடை மழையை எந்த வீட்டு ஆச்சியும் வாழ்த்தி வரவேற்றதாக நாம் கேட்டதில்லை.

ஆக, 'பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும்' என்கிறார்களே, அதுதான் சரி என்று நாம் நடுவிலிருந்து சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு வரும் வரையில் நம் மனத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது.

ஓர் இரவு மழை

அன்று இரவு பத்து மணிக்குத் தொடங்கிய மழை விடியும் வரையில் விடவில்லை. காலை எட்டரைக்கு வாத்தியார் மாடியிலிருந்தே கூவினார்: "எண்பத்திரண்டு! கனமழை!" தைப்பிங் அண்ணன் கூட வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மூவரும் ஊருணி பெருகியிருக்கும், பார்த்து வரலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஊருணியில் கணுக்கால் அளவுக்குக் கூடத் தண்ணீர் இல்லை. ஆனால் வழியில் கீழ்த்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அங்கே ஒரு தையற்காரர் வீடு. தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். தைப்பதற்கென்று ஊரார் கொடுத்திருந்த துணி மூட்டைகள் சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. சாயம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. அவருடைய மனைவி ஒவ்வொரு துணியாகப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நம்மைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வாத்தியார் வாயடைத்து நின்றார். மழை நாள், கனமழை என்ற விதி எதுவும் அங்கே உதவவில்லை. வெயில் கட்சி ஜெயித்துவிட்டது என்று அண்ணனும் சொல்லவில்லை.

எண்பத்திரண்டு மில்லிமீட்டர் என்பது என்ன? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இதை வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். ஆயிரம் சதுர மீட்டர் கூரையுள்ள பெரிய வீட்டின் மேல் அன்றைக்கு விழுந்தது எண்பத்தீராயிரம் லிட்டர். நம் முன்னோர்கள் இந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை, கட்டி வைத்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லுகிற நகரத்தார், இந்த வறண்ட மண்ணிலும் வீட்டை உயரமான அடித்தளத்தின் மேல்தான் எழுப்பினார்கள். நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம்: அதே வழியாக வெயிலும் வரும், மழையும் வரும். நாலு பக்கத்து ஓட்டுத் தாழ்வாரமும் முற்றத்தைப் பார்த்துச் சரியும். விழுகிற தண்ணீரைப் பாத்திரங்களில் பிடித்து வைப்பார்கள். மிஞ்சியது கால்வாய் வழியாக வெளியே போகும். தெருத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகும். தைப்பிங் அண்ணன் நாற்காலி போடும் இடத்தில்தான் வாத்தியார் கட்சியின் தண்ணீரும் விழுகிறது.

அப்படியானால் ஊருணிக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கே தடைப்பட்டது? மூவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கமாக நடந்தோம். சில இடத்தில் சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தது. சில இடத்தில் குப்பை. அப்புறம் ஒரு மதிற்சுவர் குறுக்கே நின்றது. அதற்கு மேல் தண்ணீர் தேங்கி, வழி தெரியாமல் கீழ்த்தெருவுக்குத் திரும்பியிருந்தது.

அந்த மதிற்சுவர் நம்முடையது.

ஆறு வருஷத்துக்கு முன் அந்த வீட்டைக் கட்டினோம். மனையை விற்றவர் அந்தப் பள்ளத்தைப் பழைய வண்டிப்பாதை என்றார். நாமும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விசாரித்தால் என்ன பதில் வரும் என்பது உள்ளூரத் தெரிந்திருந்ததோ என்னவோ. 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி வீட்டில் மழைநீர் சேமிப்புத் தொட்டி மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தோம். மழையின் பெருமையைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கட்டுரையும் எழுதக் கொடுத்திருந்தோம்.

ஆச்சியின் வார்த்தை

அன்று மாலை திண்ணையில் வழக்கம் போல் வாதம் எழவில்லை. அண்ணனுடைய ஆச்சிதான் பேச்செடுத்தார்கள். "வெயில் வேணுமா, மழை வேணுமான்னு வருஷம் முழுக்கப் பேசுறீகளே, வந்த மழைக்கு வழி விட்டீகளா? வழி விட்டிருந்தா ஊருணிக்கு ஊருணியும் நிறைஞ்சிருக்கும், அந்தப் புள்ளை வீட்டுத் துணியும் நனைஞ்சிருக்காது" என்றார்கள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனாலும் யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்குச் சேர்ந்துவிட்டது.

இது நம் ஊரோடு நிற்கிற விஷயமும் அல்ல. உலகத்தில் மிக அதிகமாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று மேகாலயத்துச் சிரபுஞ்சி. ஆண்டுக்குச் சுமார் 11,000 மில்லிமீட்டர். தைப்பிங்கைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஆயினும் பனிக்காலத்தில் அங்கே பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடி நடக்கிறார்கள். சரிவில் விழுகிற மழையெல்லாம் நிற்காமல் ஓடிவிடுகிறது. எவ்வளவு பெய்தது என்று மழைமானி சொல்லும். எவ்வளவு நின்றது என்று ஊருணிதான் சொல்ல வேண்டும்.

மறு வாரம் மதிற்சுவரை இரண்டு இடத்தில் உடைத்து, அடியில் பெரிய சிமெண்டுக் குழாய்கள் பதித்தோம். செலவு நம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். தையற்காரருக்குத் துணி நஷ்டத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபொழுது அவர் வாங்கிக்கொண்டார். சந்தோஷப்பட்டார் என்று சொல்ல முடியாது. வரத்துக்காலின் மேல் கட்டியிருக்கிற மற்ற வீட்டுக்காரர்களிடமும் போனோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர், "அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் ஸார்" என்று காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

இளங்கோவடிகள் தமது காப்பியத்தைத் தொடங்கும்பொழுது திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போற்றி, பிறகு பூம்புகாரைப் போற்றினார். வெயிலும் மழையும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது. வகுப்பில் இதைச் சொல்லுகையில் இப்பொழுதெல்லாம் 'ஊர்' என்ற சொல்லில் நம் குரல் சற்றுத் தயங்குகிறது.

திண்ணை வழக்கு மறுபடியும் நடக்கத்தான் செய்கிறது. நேற்றுக் காலை வாத்தியார் மாடியிலிருந்து, "இரண்டு புள்ளி ஆறு! மழை நாள்!" என்று கூவினார். "அது மழையில்லை, பனி. பாத்திரத்தைத் துடைத்து வைத்தீரா?" என்று கீழேயிருந்து அண்ணன் கேட்டார். இருவரும் எட்டரை மணிக்கே தொடங்கிவிட்டார்கள். ஆச்சி இரண்டு பேரையும் கவனிக்காமல் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வற்றல் முறத்தை முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள்.