தோள் கொடுக்கும் பயிற்சி

தோள்வலிக்கு நகரத்துக் கருவிகள்தான் மருந்து என்பது பலரது எண்ணம். வீட்டுச் சுவரும் ஒரு கழியும் செய்யும் வேலை அதற்குக் குறைந்ததல்ல.

முதலில் சீப்பு தலையின் பின்பக்கம் எட்டாது. அடுத்து, சட்டையின் இரண்டாவது கையை மாட்ட யாராவது உதவ வேண்டும். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போய்விடும். 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மாவும் கரும்பும் கறவை மாடுமாகப் பிழைக்கும் சித்தூர் மாவட்டத்தில் இது சாதாரண உபத்திரவம் அல்ல. வெதுருகுப்பம் போன்ற கிராமப்புற மண்டலங்களில் தோள் ஓய்ந்தால் கூலியும் ஓய்ந்துவிடும். பெரிய சிகிச்சைக்குத் திருப்பதிக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே தேவஸ்தானம் நடத்தும் பர்ட் எலும்பு மருத்துவமனை இருக்கிறது. பிசியோதெரபி கல்லூரியுடன் கூடிய ஸ்விம்ஸும் இருக்கிறது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் எந்த ஊரானாலும், பத்துப் பதினைந்து நாள் தொடர்ந்து பிசியோதெரபிக்குப் போய்வருவது கூலிக்காரருக்கு எளிதல்ல. பாதியில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தினமும் போயே ஆக வேண்டுமா? வலியின் வகையைப் பொறுத்தது பதில்.

இரண்டு வகைகளை அதிகம் காணலாம். ஒன்று, தோளைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள் நைந்து புண்படுவது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது சுரீரென்று வலிக்கும். ஆனால் மறு கையால் தூக்கிவிட்டால் பெரும்பாலும் மேலே போகும். மற்றது 'ஃப்ரோஸன் ஷோல்டர்' எனப்படும் உறைந்த தோள். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். யார் தூக்கினாலும் கை ஓரளவுக்கு மேல் போகாது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மறு கையைவிட மிகக் குறைவாகத் திரும்பினால் சந்தேகப்படலாம். 40 முதல் 60 வயதுக்காரர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அதிகம் வருகிறது. தானாகவே தளரக் கூடியது என்றாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பிடிக்கலாம்.

நாண் கோளாறுக்கு பிரிட்டனில் 708 பேரிடம் நடந்த 'கிராஸ்ப்' ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்டிடம் ஆறு முறை வரை பயிற்சி. மறு பிரிவினருக்கு ஒரே ஒரு முறை விளக்கமான ஆலோசனை. பிறகு வீட்டில் தாமே பயிற்சி. ஓராண்டு முழுவதும் கவனித்ததில், ஆறு முறை போனவர்கள் கூடுதலாக எதையும் பெற்றுவிடவில்லை. பஸ் கட்டணத்தை எண்ணிப் பார்க்கும் நோயாளிக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

உறைந்த தோளுக்கு ஒரே ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு 2020இல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு இருக்கிறது. 503 பேர் பங்கேற்றனர். ஸ்டீராய்டு ஊசியுடன் பிசியோதெரபி, மயக்க மருந்து கொடுத்து மூட்டை அசைத்துவிடுதல், துளை வழி அறுவை என்ற மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எதுவும் மற்றதைவிடக் குறிப்பிடும்படி உயர்ந்து நிற்கவில்லை. எனவே கத்திக்கு அவசரம் இல்லை. ஊசி ஆரம்ப வலியைத் தணிக்கும். ஆனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறலாம். சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சிகள் எளியவை. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊசல் போல் மெல்ல ஆட்டலாம். 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்ற பெயரை 1934இல் சூட்டிய பாஸ்டன் டாக்டர் காட்மனின் பெயரால் வழங்கும் பயிற்சி இது. விரல்களால் சுவரில் ஏறி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். மல்லாந்து படுத்து, கழியால் நல்ல கை மறு கையை வெளிப்பக்கம் தள்ளலாம். நாண் கோளாறுக்கு ரப்பர் பட்டையோ தண்ணீர் பாட்டிலோ கொண்டு சிறுகச் சிறுக பளுவைக் கூட்ட வேண்டும். பயிற்சியில் வரும் வலி சற்று நேரத்தில் அடங்க வேண்டும். இரவு முழுதும் நீடித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஒத்தடம் இதமளிக்கும், பயிற்சிக்கு ஈடாகாது.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்பெற்ற புத்தூர் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் முறிவே இல்லாத தோளை வாரக்கணக்கில் கட்டி வைத்தால் இறுக்கம் கூடும். பக்கவாதம் வந்தவரின் கையைப் பிடித்து இழுப்பதும் கூடாது.

வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லாத நிலைகளும் உண்டு. விழுந்த பிறகு கை தூக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சுடுவது, கை மரத்து வலுவிழப்பது ஆகியவற்றுக்கு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, இடது தோளில் வலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்.

திருப்பதிக்கோ வேலூருக்கோ போகும் அந்த முதல் நாளில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத் திரும்புங்கள். இது எந்த வகை வலி? வீட்டில் எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்வது? மறுபடி எப்போது வரவேண்டும்? செய்து காட்டச் சொல்லி, நீங்களும் செய்து காட்டுங்கள். பஸ் கட்டணத்துக்குக் கிடைக்கும் உண்மையான வரவு அதுதான்.