மணலிலும் வேண்டும் பெரியதும் சிறியதும்

மாணவர்களே, வீடு கட்டும் இடத்தில் மணல் சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லும் கிளிஞ்சலும் நீங்கிவிடும். ஆனால் சலித்த மணல் எல்லாமே சுவருக்கு ஏற்றதாகிவிடுமா? ஆகாது. எந்தப் பருமனுள்ள துகள் எவ்வளவு இருக்கிறது என்பதும் முக்கியம்.

ஒரு சோதனை செய்யுங்கள். டம்ளர் நிறையக் கோலிக்குண்டுகளைப் போட்டு, நிரம்பும்வரை தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். டம்ளரின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர் பிடிக்கும். அது குண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி. கடுகை மட்டும் நிரப்பினால் இடைவெளி குறையுமா? குறையாது, ஏறக்குறைய அதே அளவுதான். துகள் சிறுத்தால் இடைவெளியும் சிறுக்கும். ஆனால் அதன் எண்ணிக்கை பெருகிவிடும். கோலிகளுக்கு நடுவே கடுகைத் தூவிக் குலுக்கிய பிறகு ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் மிகக் குறைவாகவே பிடிக்கும்!

மணலிலும் இதேதான் நடக்கிறது. துகள்களின் இடைவெளியைச் சிமெண்ட் பசை நிரப்ப வேண்டும். 1:6 கலவையில் ஆறு பங்கு மணலுக்குச் சிமெண்ட் ஒரு பங்குதான். மணல் ஒரே பருமனாக இருந்தால் பசை போதாது. கலவைக்குள் பொள்ளல் விழும், வலிமை குறையும். பல பருமனும் கலந்திருந்தால் அதே சிமெண்டே போதும்.

மணல் முழுவதும் பொடியாக இருந்தால் வேறொரு தொல்லை. 1 செ.மீ. கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 60 சதுர செ.மீ.! அத்தனை பரப்பையும் நனைக்கத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். அது பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும். கலவை சுருங்கி விரிசலும் காணலாம். பருமணல் மட்டும் இருந்தாலோ கரண்டியில் இழைந்து வராது. செங்கற்களுக்கு இடையே சீராகப் பரவாது.

பாரத்தில் எளிதில் நெளியாமல் நிற்கும் விறைப்பும் இதைப் பொறுத்ததே. இறுகிய சிமெண்ட் பசையைவிட மணல் துகள் விறைப்பானது. துகள்கள் நெருங்கி அமைந்தால், எலும்புக்கூடு உடலைத் தாங்குவதுபோல் அவை பாரத்தைத் தாங்கும்.

இதனால்தான் 1980-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2116, கட்டுமானக் கலவைக்கான மணலை 4.75 மி.மீ. முதல் 0.15 மி.மீ. வரையுள்ள சல்லடைகளில் வரிசையாகச் சலித்துச் சோதிக்கச் சொல்கிறது. ஆற்று மணலானாலும், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் ஆனாலும் இந்தச் சோதனை தேவை.

அடுத்த முறை மணற்குவியலைக் கண்டால் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். பெரியது, நடுத்தரம், சிறியது மூன்றும் தென்படுகின்றனவா?