மூலிகையும் ஈரலும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், மேனாட்டு மருத்துவம் எத்துணைப் பரவியபோதும், அடுக்களை வைத்தியம் கைவிடப்பட்டிலது. தடிமனுக்குக் கொத்தமல்லி, உட்சூட்டுக்கு ஆவரசம்பூ, வயிற்றுளைவுக்குக் குடசப்பாலைப் பட்டை. வேண்டியவற்றைப் புறக்கோட்டை காபோஸ் ஒழுங்கை மருந்துக்கடைகளிற் பெறலாம். பச்சிலை தீங்கு செய்யாது என்பது நம்முட் பலரது துணிபு. அத்துணிபை அசைக்கும் ஆராய்ச்சியொன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

பேராதனைச் சர்வகலாசாலைப் பேராசிரியர் அர்செகுலரத்னவும் அவர்தம் துணைவரும் இந்நாட்டு வைத்தியத்தில் வழங்கும் 50 மூலிகைகளைச் சோதித்து, முடிபுகளை 1981 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூன்றில் பைரோலிசிடீன் அல்கலோயிட்டு என்னும் நச்சுப்பொருள் காணப்பட்டது. அவை கிலுகிலுப்பை, குடசப்பாலை, ஆவரசு என்பன. எலிகளுக்கு ஊட்டியவிடத்து அவற்றின் ஈரல் சிதைவுற்றது. ஏனைய 47 மூலிகைகளில் அப்பொருள் காணப்படவில்லை என்பதையும் உடன் கூறுதலே நீதியாகும்.

இந்நஞ்சு செயற்படும் முறை வியப்புக்குரியது. உட்கொள்ளும்போது அது பெரும்பாலும் வாளாவிருக்கும். நஞ்சகற்றுதலைத் தொழிலாகக்கொண்ட ஈரலே தன் நொதியங்களால் அதனைக் கொடியதாக மாற்றுகின்றது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! அவ்வாறு மாறிய பொருள் ஈரலினுள்ளேயுள்ள நுண்ணிய நாளங்களின் உட்சுவரைப் புண்படுத்த, அவை அடைபடுகின்றன. வெளியேற வழியின்றிக் குருதி தேங்குகின்றது; ஈரல் வீங்குகின்றது; வயிற்றில் நீர் கட்டுகின்றது. நம் வைத்தியர் மகோதரமென்பது இத்தகைய நிலையையே. சுவையாலோ மணத்தாலோ இந்நஞ்சை அறிதல் இயலாது. சிறுகச் சிறுக உண்டவருக்கும் கேடு நாட்கழித்தே தோன்றக்கூடும்.

யமேக்காத் தீவிற் பச்சிலைத் தேநீர் பருகிய சிறுவர்க்கு இந்நோய் வந்தமையை 1954 இல் மருத்துவர் எழுதினர். இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில், தானியத்தோடு கிலுகிலுப்பை விதை கலந்தமையால் நோயுற்ற 67 பேரில் 28 பேர் இறந்தனர் என 1976 இல் வெளிவந்த அறிக்கை கூறும். அது மருந்தன்று, உணவு. எனினும் நஞ்சு அவ்வினத்ததே.

சித்த, ஆயுர்வேத வைத்தியங்களை இகழ்தல் எமது கருத்தன்று. கற்றறிந்த வைத்தியர் அளவும் நாளும் வரையறுத்தே மருந்து கொடுப்பர். நாமோ ஆவரசந் தேநீரைப் பொதியில் வாங்கி நாடோறும் பருகுகின்றோம். கருவுற்ற மகளிரும் குழந்தைகளும் முன்பே ஈரல் நோயுற்றோரும் இவ்வழக்கத்தை விடுதல் நன்று. கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும், வயிறு உப்பினாலும் மூலிகையை உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. மதுவருந்துவதுண்டோ என வினவும் மருத்துவர் குடிநீரைப்பற்றி வினவாதுவிடின் நாமே கூறுதல் வேண்டும். பொதியையும் கையோடு கொண்டுசெல்லலாம்.