பிழை களையும் அன்பர்கள்

கணினிக்கு ஏவல் கூறும் நிரலை எழுதுவோர் எத்துணை வல்லுநராயினும், அவர் எழுத்தில் பிழை புகாதிருத்தல் அரிது. விலைக்கு விற்கப்படும் நிரல்களிற் பல மூடிய பேழை போல்வன; பிழை கண்டவன் விற்றவரிடம் முறையிட்டுக் காத்திருத்தலன்றி வேறொன்றும் செய்யக்கூடுவதில்லை. இதற்கு மாறாக, நிரலின் மூலத்தையே வெளியிட்டு, யாவரும் அதனைக் கற்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை கொடுக்கும் மரபொன்று உண்டு. அதனைத் திறந்த மூல மென்பொருள் என்பர். அங்குப் பிழை களைதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை, டெபியன் என்னும் தொகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுச் சிறிது கூறுவாம்.

இதனைத் தொடங்கியவர் ஒரு கல்லூரி மாணாக்கரே. அமெரிக்க நாட்டுப் பர்டியூ சர்வகலாசாலையிற் பயின்றுகொண்டிருந்த இயன் மர்டாக் என்பார், 1993-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இதனை உலகிற்கு அறிவித்தார். பின்னர்த் தமக்கு மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து இதற்குப் பெயரிட்டார். லினக்ஸை நடுவாகக் கொண்டு பல்லாயிரம் பொதிகள் இதன்கண் அடங்கியுள்ளன. பொதி தோறும் அதனைப் பேணுவார் உளர். அவருட் பலர் ஊதியம் பெறாத அன்பர்களே. 2004-ம் ஆண்டில் தோன்றிய உபுண்டு முதலியன இதன் வழிவந்தனவாதலின், ஈண்டு நேரும் பிழை பிறர் வீட்டிலும் புகும்.

குறைகளை மறைக்கமாட்டோம் என்பது 1997-ம் ஆண்டில் இவர்கள் ஏற்றுக்கொண்ட சமூக உடன்படிக்கையின் ஒரு பிரிவு. அதனாற் பிழைகளுக்கென ஒரு பதிவேடு அனைவரும் காணத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. மின்னஞ்சல் அனுப்ப அறிந்த எவரும் அதில் முறையிடலாம். ஒவ்வொரு முறையீட்டிற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண் 2021-ம் ஆண்டில் பத்து லட்சத்தை எட்டியது. எழுத்துப் பிழையும் அதில் ஏறும். தரவை அழிக்கும் கொடும்பிழையும் ஏறும். ஆயினும் அவற்றின் கடுமை படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளது. மேற்படிகள் மூன்றிலும் உள்ளவை புதிய பதிப்பு வெளிவருவதையே தடுக்கவல்லவை.

பதிப்புக் காலம் நெருங்குங்கால், இத்தடைப்பிழைகளை ஒழிப்பதற்கென அன்பர்கள் கூடுவதுண்டு. ஒரு வார இறுதியில் யாதேனும் ஒரு கூடத்திற் கணினிகளுடன் அமர்வர். வர இயலாதோர் தத்தம் இல்லங்களிலிருந்தே கலந்துகொள்வர். இருவர் ஒரே பிழையில் உழைத்து வீண்படாதபடி, தாம் எடுத்துக்கொண்டதன் எண்ணைப் பிறர்க்கு அறிவிப்பர். அடுத்தது அப்பிழையைத் தம் கணினியில் மீண்டும் நிகழச்செய்தல். கேட்பதற்கு எளிதாயிருப்பினும் பாதி உழைப்பு இதற்கே செல்லும் எனலாம். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதிச் சென்றவரிடம், எந்தக் கணினியில், எதன்பின் எதைச் செய்தீர் என்று பொறுமையாக வினவுதல் வேண்டும். (நிரல் எழுத அறியாத மாணாக்கரும் இதிற் பங்குகொள்ளலாம், தெளிவாக வினவ அறிந்தாற் போதும்.)

பிழையைக் காண்டலினும் சரியாகத் திருத்துதல் அரிது. பொருள் விளங்காத சொல்லை ஏட்டுப்பிழையென்று மாற்றிவிடும் பதிப்பாசிரியர்போல், நிரலைத் திருத்துவோரும் மயங்குவதுண்டு. இரகசியச் செய்திகளைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பொதியில் இரு வரிகளைப்பற்றி ஒரு பரிசோதனைக் கருவி எச்சரித்தது. 2006-ம் ஆண்டில், டெபியனில் அப்பொதியைப் பேணியவர், மூல ஆசிரியர்களின் மடற்குழுவிலும் வினவிவிட்டு, அவ்வரிகளை விலக்கினார். ஆனால் அவற்றுள் ஒன்றே, எவரும் ஊகிக்க இயலாத எண்கள் பிறத்தற்கு வேண்டிய சேர்க்கையை உட்செலுத்தி வந்தது. அது நீங்கவே, ஓடும் நிரலுக்குக் கணினி இடும் வரிசையெண் ஒன்றே வேறுபாட்டிற்குக் காரணமாய் எஞ்சியது. அவ்வெண் 32,768-ஐக் கடவாது. கணக்கிலடங்காத வகையினவாயிருக்க வேண்டிய சாவிகள் இங்ஙனம் எண்ணி முடிக்கத்தக்கனவாயின. லூசியானோ பெல்லோ என்னும் டெபியன் அன்பர் இதனைக் கண்டறிய, 2008-ம் ஆண்டு மே மாதத்தில் அச்செய்தி வெளியிடப்பட்டது. அக்காலத்தில் அப்பொதியைக்கொண்டு ஆக்கிய சாவிகளையெல்லாம் எறிந்து புதியன செய்யவேண்டியதாயிற்று. உபுண்டுவைப் பயன்படுத்தியோர்க்கும் இத்தொல்லை நேர்ந்தது.

மூலம் திறந்திருந்தும் ஏறக்குறைய ஈராண்டு எவர் கண்ணிலும் அது படவில்லை. பலர் காணக்கூடும் என்பது வேறு. ஒருவர் உண்மையில் உட்கார்ந்து வாசித்தார் என்பது வேறு. இவ்வியக்கத்தைப் புகழ்வோர் இவ்வேற்றுமையை எளிதில் மறந்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து. கூடியமர்ந்து திருத்துதலின் பயன், விரைவைவிட, அருகிலிருப்பவர் 'இவ்வரி எதற்கு?' என்று கேட்கக் கிடைக்கும் வாய்ப்பிலேயே உளது.

பிறர் பேணும் பொதியிற் கைவைப்பதற்கு ஒரு முறையும் உண்டு. மாற்றிய வரிகளை அப்பிழையின் எண்ணின்கீழ் யாவரும் காணப் பதியவேண்டும். பின்னர்த் திருத்திய பொதி, பிழையின் தன்மைக்கேற்ப 2 நாளோ 5 நாளோ 10 நாளோ காத்திருப்பு வரிசையில் நிற்கும். அதற்குள் பேணுநர் அதனை ஆராய்ந்து தடுக்கலாம். தாமே வேறு விதமாகவும் திருத்தலாம். வாளாவிருப்பின் பொதி உட்சென்று, பிழையின் எண் முடிக்கப்பெறும். அதன்பின் 28 நாட்கள் யாரும் ஒன்றும் எழுதாவிடின், முறையீடும் விடைகளும் திருத்தமும் ஒருங்கே பழம்பதிவுகளிற் சேர்க்கப்படுகின்றன. ஐயுற்றவர் அங்குச் சென்றும் வாசிக்கலாம்.