காற்றுக்கு ஆகாத எண்ணெய்

ராணிப்பேட்டை மாவட்டத்தின் நெமிலி வட்டத்துக்கு மேற்கே மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் பகுதிக்கு மீன் எண்ணெய் புதிய பொருள் அன்று. பதனிட்ட தோலின் நார்கள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இளக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அதை டிரம்மில் இட்டு எண்ணெய்ப் பால்மம் ஏற்றுவது தொழிலின் தவிர்க்க முடியாத ஒரு படியாகும்; டேனரிகளில் ‘ஃபேட்லிக்கர்’ எனப்படும் இப்பால்மங்களில் பல, நீரில் கலக்கும்படி மாற்றப்பட்ட மீன் எண்ணெயிலிருந்து செய்யப்படுபவை. அதே மீன் எண்ணெய் இப்போது ‘ஒமேகா’ என்ற பெயரில் மருந்துக் கடைக் குளிகையாகவும், ஆளிவிதை எண்ணெய் செக்கு எண்ணெய்க் கடைக் குப்பியாகவும் வீடுகளுக்குள் வருகின்றன. தோலுக்கும் உடலுக்கும் இவ்விரண்டையும் பயன்படத்தக்கனவாக ஆக்கும் வேதிப்பண்பே இவற்றை விரைவில் கெடுக்கவும் செய்கிறது என்பதால், வாங்குவோர் விளம்பரத்தைப் படிப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியது அந்தப் பண்பையே.

கொழுப்பமிலம் என்பது கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. அச்சங்கிலியில் அடுத்தடுத்த இரு அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருந்தால் அது நிறைவுறாக் கொழுப்பமிலம் எனப்படும். சங்கிலியின் வால்முனையிலிருந்து எண்ணும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாம் அணுவில் தொடங்கினால் அது ஒமேகா-3, ஆறாம் அணுவில் தொடங்கினால் ஒமேகா-6. இவ்விரு வகையிலும் உடலால் தானே ஆக்கிக்கொள்ள முடியாத அமிலங்கள் உள்ளன. அத்தகைய கொழுப்பமிலங்கள் உணவில் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்பதை ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1929இல் எலிகளைக் கொண்டு நிறுவினர். வட ஆர்க்காட்டுச் சமையலின் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும், பின்னர் வந்த சூரியகாந்தி எண்ணெயிலும் ஒமேகா-6 தாராளமாக உண்டு, ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். ஆளிவிதை எண்ணெயிலோ பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 இருக்கிறது.

இரட்டைப் பிணைப்பு எத்தனை கூடுகிறதோ அத்தனைக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரத் துடிக்கிறது. ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் மூன்று பிணைப்புகளும், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3களான ஈ.பி.ஏ.வில் ஐந்தும், டி.எச்.ஏ.வில் ஆறும் உள்ளன. தோல் தொழில் இதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது: கண்ணாடி துடைக்கும் ஷாமாய் மென்தோல், காட் மீன் எண்ணெயை ஆட்டுத்தோலில் ஏற்றி வெதுவெதுப்பான காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையச் செய்வதால் பதமாகிறது, பளபளக்கும் ‘பேட்டன்ட்’ தோலின் மேற்பூச்சு தொடக்கத்தில் ஆளிவிதை எண்ணெயால் ஆனது. இதே பண்பு தொழிலுக்கு ஒரு தலைவலியாகவும் வந்தது. குரோமியம் கொண்டு பதனிட்ட தோலில் மீன் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புகள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது, தோலிலிருக்கும் மூன்றிணைதிறன் குரோமியத்தின் ஒரு சிறு பகுதி, ஒவ்வாமை தரும், நச்சுத்தன்மை கொண்ட ஆறிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். மனித உடலைத் தொடும் தோல் பொருள்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருப்பதால், ஏற்றுமதிக்குத் தோல் செய்வோர் எந்த எண்ணெயை ஏற்றுவது, அதை எப்படிக் காப்பது என்று கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. செருப்புத் தோலுக்குக் காட்டப்படும் இந்தக் கவனம் உண்ணும் எண்ணெய்க்கும் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெண்ணெயில் நனைத்துச் சுருட்டிப் போட்ட துணிகள் தாமாகவே பற்றிக்கொண்டதால்தான் 1991 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவின் ஒரு பல்மாடிக் கட்டடம் எரிந்து, தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். பெயின்ட் கடையில் ‘லின்சீட் ஆயில்’, ‘டபுள் பாயில்டு’ என்று விற்கப்படுவது இதே விதையின் எண்ணெய்தான் என்றாலும், மரச்சாமான் பூச்சு விரைவில் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்க்கப்படுவது வழக்கமாதலால், அது ஒரு துளியும் வாய்க்குப் போகக் கூடாது. உணவுக்கென விற்கப்படும் எண்ணெய் வெப்பம் ஏற்றாமல் ஆட்டியதாக, கருநிறக் குப்பியில் அடைத்ததாக, ஆட்டிய தேதியும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் அச்சிட்டதாக இருக்க வேண்டும். வெயில் படும் அலமாரியில் ஒளி ஊடுருவும் புட்டியில் நிற்பதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கலாகாது. திறந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். சுத்திகரிக்காத ஆளிவிதை எண்ணெய் ஏறக்குறைய 107 பாகை செல்சியசிலேயே புகையத் தொடங்குவதால் தாளிக்கவோ பொரிக்கவோ உதவாது. இறக்கிவைத்த உணவின்மேல் ஊற்றிக்கொள்ளத்தான் ஏற்றது.

எண்ணெயைவிட விதையே மேல் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. விதையின் ஓடு காற்றைத் தடுத்து உள்ளிருக்கும் கொழுப்பைக் காக்கிறது. ஆட்டும்போது நார்ச்சத்தும் லிக்னான் என்னும் தாவரப் பொருளும் பெருமளவு பிண்ணாக்கோடு போய்விடுகின்றன. முழு விதையை அப்படியே விழுங்கினால் செரிக்காமல் வெளியேறிவிடும் என்பதால் பொடித்தே உண்ண வேண்டும். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில், அதாவது ஏறத்தாழ 7 கிராமில், சுமார் 1.6 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குப் போதுமென அமெரிக்க மருத்துவக் கழகம் கணித்த அளவும் 1.6 கிராம்தான், பெண்ணுக்கு 1.1 கிராம். ஆளி தமிழ்நாட்டில் பெரிதாகப் பயிராவதில்லை, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களிலிருந்து வருகிறது. ஆயினும் நாட்டு மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைக்கிறது. வெறும் வாணலியில் பொரிய வறுத்து, மிளகாய் வற்றலும் உளுந்தும் பெருங்காயமும் சேர்த்து இட்லிப் பொடியாக அரைத்துக்கொண்டால் தனியே மருந்துபோல் விழுங்க வேண்டியதில்லை. நார் நீரை இழுத்துப் பருக்கும் என்பதால் கூடவே போதிய நீர் பருக வேண்டும்.

ஆனால் ஆளி மீனுக்கு ஈடாகாது. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய நீள்சங்கிலி ஒமேகா-3களான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியவற்றை ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்திலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் திறன் மிகக் குறைவு, ஈ.பி.ஏ.வாக நூற்றுக்குச் சில பங்கும், டி.எச்.ஏ.வாக அதனினும் சொற்பமுமே மாறுகின்றன. குளிகை விற்போர் ‘ஒமேகா 3-6-9’ என்று பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் பொருளற்றது, ஏனெனில் ஒமேகா-6 அன்றாட எண்ணெயிலேயே மிகுதி, ஒமேகா-9ஐ உடலே செய்துகொள்ளும். அட்டையில் ‘1000 மி.கி.’ என்றிருப்பது எண்ணெயின் எடை. வழக்கமான மீன் எண்ணெய்க் குளிகையில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 ஆக மொத்தம் 300 மில்லிகிராமே இருக்கும் என்பதைப் பின்பக்கச் சிற்றெழுத்தில்தான் காண முடியும்.

இதய நோயைத் தடுக்குமென்ற நம்பிக்கையை அண்மைக்காலப் பெரும் ஆய்வுகள் தளர்த்தியிருக்கின்றன. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வும், பிரிட்டனில் 15,480 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ‘அசெண்ட்’ ஆய்வும், நாளொன்றுக்கு ஒரு கிராம் மீன் எண்ணெய்க் குளிகையால் மாரடைப்பு, பக்கவாதம் முதலானவற்றின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2018இல் காட்டின. தூய ஈ.பி.ஏ.வை 4 கிராம் கொடுத்த ‘ரெட்யூஸ்-இட்’ ஆய்வில் 25 விழுக்காடு குறைவு காணப்பட்டது. அது மருத்துவர் எழுதித் தரும் மருந்து, கடைக் குளிகை அன்று. அதிக அளவில் உண்போருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு கூடுவதும் ஆய்வுகளில் தெரிந்திருப்பதால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உண்போரும், இதய நோயாளிகளும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. ஆளிவிதை எண்ணெய் புற்றுநோயை ஆற்றும் என்று ஜெர்மனியின் யோகன்னா புட்விக் பரப்பிய உணவுமுறைக்கு மருத்துவச் சோதனைச் சான்று எதுவுமில்லை. அதை நம்பிச் சிகிச்சையைக் கைவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அசைவம் உண்போருக்கு மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகியவையே ஒமேகா-3க்குச் சிறந்த உணவு. உலக உணவு, வேளாண்மை அமைப்பின் நிபுணர் குழு வளர்ந்தோருக்கு நாளொன்றுக்குக் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்த்துக் குறைந்தது 250 மில்லிகிராம் வேண்டுமென்கிறது; வாரம் இருமுறை இம்மீன்களைக் குழம்பு வைத்து உண்போருக்கு அது எளிதில் கிடைத்துவிடும். காவேரிப்பாக்கம் ஏரி போன்ற நன்னீர் நிலைகளின் கெண்டை, கட்லாவில் அது குறைவு என்பதால், நெமிலி போன்ற உள்நாட்டு ஊர்களில் பனிக்கட்டியில் வரும் மலிவான கடல் மத்தியை ஒதுக்காமல் வாங்குவது நன்று. சைவர்களில் டி.எச்.ஏ. தேவைப்படுவோருக்குக் நுண்பாசி எண்ணெய்க் குளிகை உண்டு.

எண்ணெயோ குளிகையோ வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சிறிய அளவாக வாங்குங்கள். குப்பியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள், குளிகையானால் ஒன்றை வெட்டிப் பாருங்கள். சிக்கு வாடை அடித்தால், கொடுத்த விலையை எண்ணித் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.