விற்பனைப் பக்கத்துக்கு வாங்குகிறவர்களை வரவைப்பது எப்படி? நெய்வேலி பகுதி முந்திரி, பலா விவசாயிகளுக்கு

முந்திரிக்கொட்டையை மூட்டையாக வியாபாரியிடம் தள்ளிவிடாமல், உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு நேரடியாக விற்கலாம் என்று இறங்கியிருக்கிறீர்களா? அல்லது பலாச்சுளையை சிப்ஸ் ஆக்கி விற்கப் போகிறீர்களா? அப்படியானால் போனில் ஒரு விற்பனைப் பக்கமும் போட்டிருப்பீர்கள். பொருளின் படம், விலை, ஆர்டர் கொடுக்கும் பட்டன் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் பக்கம் அது. 'லேண்டிங் பேஜ்' என்கிறார்கள். வாட்ஸ்ஆப் பிசினஸில் போடும் கேட்டலாக்கும் நம்மைப் பொறுத்தவரை அதுதான்.

பக்கம் போட்டதும் எல்லோரும் செய்வது, அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவது. அந்த எண்ணிக்கையை நம்பி விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதில்தான் முதல் நஷ்டம் தொடங்குகிறது.

வடலூர் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் சனம் வரும். அங்கே ஒருவர் கையில் ஒரு கிலோ முந்திரிப் பருப்பைக் காட்டினால் பார்ப்பார், விலை கேட்பார், ஜோதி தரிசனத்துக்குப் போய்விடுவார். அவர் வந்த வேலை வேறு. ஆனால் வீட்டில் விசேஷம் வைத்துக்கொண்டு பருப்புக்காகவே கடைவீதிக்கு வந்தவர் ஐந்து பேர் போதும், இரண்டு பேராவது வாங்குவார்கள். பக்கத்துக்கு வரும் ஆட்களும் இப்படித்தான்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு கிலோவில் 100 ரூபாய் நிற்கிறது. விளம்பரத்துக்கு 1,000 ரூபாய் போடுகிறீர்கள். 500 பேர் பக்கத்துக்கு வந்து, ஆளுக்கு ஒரு கிலோவாக 4 ஆர்டர் விழுந்தால், ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு மட்டும் 250 ரூபாய். கிலோவுக்கு 150 ரூபாய் கைநட்டம். அதே 1,000 ரூபாயில் 80 பேர்தான் வந்தார்கள், ஆனால் 16 ஆர்டர் விழுந்தது என்றால் செலவு 62.50 ரூபாய். 37.50 ரூபாய் கையில் நிற்கும். 80 பேர் வந்த பக்கம் பிழைத்தது, 500 பேர் வந்த பக்கம் முழுகியது.

இதோடு முடியாது. பொருளைக் கொடுக்கும்போது காசு வாங்கும் முறையில் கண்டவருக்கும் பார்சல் அனுப்பினால், வாங்காமல் திருப்பிவிடுவார்கள். போகவர இரண்டு வழிச் செலவும் உங்கள் தலையில். "விலை என்ன?" என்று மட்டும் கேட்டு வைக்கும் போன்கள் கொட்டை பொறுக்கும் நேரத்தில் அரை நாளைத் தின்னும்.

சரி, உங்கள் பொருளை வாங்கக்கூடியவர் யார்? இந்தப் பகுதி விவசாயிக்கு ஒரு வசதி இருக்கிறது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் உருவான நகரியம் பக்கத்திலேயே இருக்கிறது. மாதச் சம்பளக் குடும்பங்கள், வட்டம் வட்டமாக, எண் போட்டு, நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள். வட்டம் எண்ணையும் வீட்டு எண்ணையும் சொன்னால் வழி கேட்காமல் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். டூவீலரில் ஒரு நடையில் பத்து வீடு முடியும், பார்சல் செலவு கிடையாது. இன்னொரு கூட்டம், இங்கே வளர்ந்து சென்னை, பெங்களூரு, வெளிநாடு என்று போன பிள்ளைகள். பண்ருட்டிப் பலாவும் நம்மூர் முந்திரியும் என்ன ருசி என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குழுக்களில் இருப்பார்கள். அந்தக் குழுவில் இருக்கும் ஒருவர் உங்களிடம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவரே இணைப்பைப் போட்டால் மதிப்பு. நீங்கள் நுழைந்து தினமும் போட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள்.

கூகுளில் காசு கட்டி விளம்பரம் செய்வதாக இருந்தால், எந்தச் சொல்லுக்குக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வெறும் 'முந்திரி' என்று போட்டால், கன்று வாங்க நினைப்பவர், இன்றைய கொட்டை விலை பார்ப்பவர், முந்திரியால் கொழுப்பு ஏறுமா என்று கேட்பவர், கேக் செய்முறை தேடுபவர் எல்லோரும் வருவார்கள். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை, அது வேறு. 'முந்திரிப் பருப்பு 1 கிலோ விலை', 'முழு முந்திரி ஆன்லைன்', 'நெய்வேலி முந்திரி டெலிவரி' என்று தேடுபவர்தான் பர்ஸைக் கையில் வைத்திருப்பவர். அந்தச் சொற்களுக்கு மட்டும் கட்டுங்கள். எந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டக்கூடாது என்றும் சொல்லி வைக்கலாம். 'நெகட்டிவ் கீவேர்டு' என்று அந்த இடத்தில் இருக்கும். அதில் கன்று, சாகுபடி, நோய், செய்முறை, பயன்கள் ஆகியவற்றைச் சேருங்கள். நெய்வேலிக்காரர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டியவை வேலை, அப்ரண்டிஸ், ரிசல்ட். நெய்வேலி என்று தேடுபவர்களில் நிறையப் பேர் என்.எல்.சி. வேலைவாய்ப்பு அறிவிப்பைத் தேடுகிறவர்கள். பாவம், அவர்களுக்கு முந்திரி வேண்டாம்.

இடத்தைத் தேர்வு செய்யும்போதும் ஒரு பொறி உண்டு. கூகுள் விளம்பரத்தில் நெய்வேலி என்று கொடுத்தால், நெய்வேலியில் இருப்பவர்கள் மட்டுமல்ல, நெய்வேலியைப் பற்றித் தேடும் வெளியூர்க்காரர்களுக்கும் காட்டும்படிதான் அது முதலில் அமைந்திருக்கும். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 'அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். ஃபேஸ்புக்கில் சுற்றளவு வைக்கலாம். நகரியம், வடலூர், குறிஞ்சிப்பாடி அடங்கும் அளவுக்கு வைத்தால் தொடங்குவதற்குப் போதும்.

"ஷேர் செய்தால் ஒரு கிலோ இலவசம்" என்ற போட்டி வேண்டாம். இலவசம் தேடுகிறவர்கள்தான் வருவார்கள், அடுத்த முறை காசுக்கு வாங்க மாட்டார்கள்.

காசு கட்டாத வழிதான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பக்கத்துக்குப் போகும் கியூஆர் கோடு ஒட்டுங்கள். பருப்பைத் தின்றுகொண்டே ஸ்கேன் செய்பவரைவிட நல்ல ஆள் எந்த விளம்பரத்திலும் கிடைக்க மாட்டார். மளிகைக் கடை, ஸ்வீட் கடை, சமையல் ஒப்பந்தக்காரர் ஆகியோரிடம் பேசி ஒரு சீட்டு வைக்கச் சொல்லுங்கள். 1998 முதல் நடந்துவரும் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு நகரியத்துக் குடும்பங்கள் திரண்டு வரும். அது பெரும்பாலும் பலா சீசனின் கடைசியில் வருவதால் பலாப் பொருட்களுக்குத் தோதான நேரம். நோட்டீஸ் கொடுப்பதென்றால் அனுமதி கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

வாங்காதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலையையும் பக்கமே செய்ய வேண்டும். விளம்பரப் படத்திலேயே விலையைப் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதுவது எதற்கு என்றே எனக்குப் புரிவதில்லை. விலை தெரிந்தபின் தொடுபவர்தான் வாங்குபவர். எந்தத் தரம் என்று சொல்லுங்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 320 பருப்பு வரை இருக்கும். டபிள்யூ 240 இன்னும் பெரிது, விலையும் கூடுதல். பாயசத்துக்குக் கேட்பவருக்கு முழுப் பருப்பு தேவையில்லை, பாதிப் பருப்போ குருணையோ போதும் என்று அதையும் தனி விலையில் காட்டினால் அவரும் வாங்கிப் போவார். எந்தப் பின்கோடுகளுக்குக் கொடுப்பீர்கள் (607801, 607803 என்று எண்ணாகவே எழுதுங்கள்), எத்தனை நாளில், குறைந்தது எவ்வளவு என்பதும் மேலேயே இருக்கட்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவின் 14 இலக்க எண்ணைப் போடுங்கள். தெரியாதவரிடம் முதல்முறை காசு அனுப்புகிறவருக்கு அது ஒரு பிடிமானம்.

எந்த வழியில் வந்தவர் வாங்கினார் என்று தெரியாமல் அடுத்த மாதம் பணம் போடாதீர்கள். வாட்ஸ்ஆப் இணைப்பில் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்க முடியும். பாக்கெட்டில் உள்ள கோடுக்கு 'பாக்கெட் பார்த்தேன்', மளிகைக் கடைச் சீட்டுக்கு 'கடையில் பார்த்தேன்', ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு 'ஃபேஸ்புக் பார்த்தேன்' என்று தனித்தனியாக வையுங்கள். செய்தி வந்ததும் எங்கிருந்து என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டில் மூன்று கோடு போட்டு, வந்தவர், வாங்கியவர், திரும்ப வாங்கியவர் என்று எழுதி வாருங்கள். இரண்டு மாதத்தில் எதை நிறுத்துவது என்று நோட்டே சொல்லும்.

சரக்கு தீர்ந்த அன்றே விளம்பரத்தை நிறுத்துங்கள். பக்கத்தை எடுத்துவிட வேண்டாம். 'புதுப் பருப்பு வந்ததும் சொல்கிறோம், எண்ணைப் பதிவு செய்யுங்கள்' என்று மாற்றி வையுங்கள். அடுத்த மார்ச், ஏப்ரலில் கொட்டை விழத் தொடங்கும்போது முதல் செய்தி அந்த எண்களுக்குப் போகட்டும்.